தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

என்னை அரை மூட்டைத் தவிட்டுக்கு வாங்கியதாக அப்பா சொல்வார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு மாடு இருந்தது. அதற்கென்று வாங்கி வைத்த தவிட்டில் பாதி மீந்துபோன நேரம் பார்த்து, ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு தவிடு கேட்டு வந்தாளாம். கொடுத்தால் மாடு கோபித்துக்கொள்ளுமே என்று நெடுநேரம் யோசித்து, கடைசியில் மனமிரங்கித் தவிட்டைக் கொடுத்துவிட்டு என்னை வாங்கிக்கொண்டாராம். நான் சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் இந்தக் கதை வரும். மாடு கோபித்துக்கொண்டதா என்று கேட்பேன். இன்றுவரை அது தன்னோடு பேசுவதில்லை என்பார்.

என் கணவரைக் கால் படித் தவிட்டுக்கு வாங்கினார்களாம், அதிலும் பாதி உமியாம். எங்கள் மலையகத்தில் இந்தக் கேலியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில், அடுத்த பிள்ளையை உண்மையாகவே ஒரு முறம் தவிட்டுக்கு அக்கம்பக்கத்தில் மாற்றி வாங்கும் வழக்கம் முன்பு இருந்ததாம். வழக்கம் போய்விட்டது, கேலி தங்கிவிட்டது. இதைக் கேட்டு யாராவது வருத்தப்பட்டால் அது ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது.

எங்கள் மகள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின வாரம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் எடுத்தேன். அவள் காதுபட இந்தப் பேச்சு எவர் வாயிலும் வரக்கூடாது என்று சொன்னேன். வாங்கிய பிள்ளை, கொடுத்த பிள்ளை என்று எதுவும் கூடாது. நான் ஆசிரியை, உத்தரவு போடுவது எனக்குப் பழக்கம். எல்லோரும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போனது.

நான் வேலை பார்ப்பது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில். கணவருக்கு மின்சார நிலையத்தில் வேலை. பதினோரு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், ஆளாளுக்குச் சொன்ன யோசனை என்று அந்தப் பதினோரு வருடமும் எப்படிப் போயிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மாமனாரின் திவசத்துக்கு வருடாவருடம் டவுனில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குப் பகல் சாப்பாடு கொடுப்போம். எங்கள் பக்கம் பலர் இப்படிச் செய்வதுண்டு. பிறந்தநாள், திவசம், கல்யாண நாள் என்று இல்லத்தின் சுவரில் ஒரு நாட்காட்டி நிறைய மற்றவர்களின் நாட்கள் எழுதியிருக்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள், நன்றி சொல்வார்கள். நாங்கள் பரிமாறுவோம், போட்டோ எடுப்போம், மனம் நிறைந்து பஸ் ஏறுவோம். நாலைந்து வருடம் இப்படியே போனது.

ஒரு வருடம் ஐந்தரை வயதுப் பெண் பிள்ளை ஒன்று தட்டை நீட்டிக்கொண்டே என்னிடம் கேட்டது.

"இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாளு?"

பிறந்தநாள் இல்லை, திவசம் என்றேன். அனுபவசாலி போலத் தலையாட்டியது. பிறந்தநாள் என்றால் கேக் வரும், திவசம் என்றால் பாயாசம் வரும், வெள்ளைக்காரர்கள் வந்தால் கலர் பென்சில் வரும் என்று எனக்கு விளக்கம் சொன்னது. எல்லோரும் நல்லவர்கள், அடுத்த வருடமும் வருவார்கள் என்றும் சொன்னது. நான் கொண்டுபோன வாளியிலும் பாயாசம்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை போட்டேன். அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம். யாரோடு சண்டை போடுவதென்று தெரியாததால் அவரோடு போட்டேன். வருடத்துக்கு ஒரு தரம் ஒரு வாளி பாயாசத்தோடு போய், இன்னொருத்தர் பிள்ளை கையால் கும்பிடு வாங்கிக்கொண்டு வருகிறோமே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அப்படியென்றால் தத்தெடுக்க விண்ணப்பம் போடலாம் என்றார். அவர் அப்படித்தான், நான் பத்து நிமிடம் கத்தும் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுவார்.

சொந்தத்தில் எதிர்ப்பு என்று பெரிதாக இல்லை. ஆனால் ராகலையில் இருக்கும் கணவரின் அண்ணனுக்கு ஒன்று புரியவில்லை. கோர்ட்டு, கச்சேரி என்று எதற்கு அலைய வேண்டும், சொந்தத்தில் யாராவது நாலாவது பிள்ளை பெறுகிறவர்களிடம் வெற்றிலை பாக்கு மாற்றி வாங்கிக்கொண்டால் போதாதா என்றார். எங்கள் ஆட்களில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கொடுக்கிறவர்களும் நம்மவர்கள், எடுக்கிறவர்களும் நம்மவர்கள், நடுவில் காகிதம் எதற்கு என்பார்கள்.

காகிதம் எதற்கென்று அந்தப் பிள்ளையின் கதையைக் கேட்டபோது தெரிந்தது. தத்துக்கு எழுதிப்போட்ட எங்களை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து வந்த நன்னடத்தை உத்தியோகத்தர் ஒரு சிங்கள அம்மா. தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், முகத்துக்கு நேரே கேட்பார். பிடித்த பிள்ளையைக் கைகாட்டிக் கூட்டிக்கொண்டு போக இது கடை இல்லை, பிள்ளைக்கு ஏற்ற வீட்டைத்தான் தாங்கள் தேடுவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த இல்லத்தில் உள்ள அநேகம் பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள், அவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது, அவரவர் வீடு நிமிர்ந்து அவரவர் பிள்ளையைக் கூட்டிப்போக உதவுவதுதான் சரி என்றார். யாருமே இல்லாத பிள்ளைகளுக்குத்தான் புது வீடு வேண்டும். கைக்குழந்தை என்றால் வரிசையில் நிற்கிறார்கள், பல் முளைத்து, பேசி, நடந்து, நினைவு வைத்துக்கொள்கிற பிள்ளை என்றால் வாசலில் ஒருவரும் இல்லை என்றார்.

பாயாசக் கணக்குச் சொன்ன பிள்ளையும் அந்த வாசலில் நின்றவள்தான். தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனாள். தகப்பன் என்று யாரும் வரவில்லை. இரண்டு வயதில் தூரத்துச் சொந்தம் ஒன்று அவளைக் கினிகத்தேனைப் பக்கம் பிள்ளையில்லாத ஒரு ஜோடியிடம் கொடுத்தது. வெற்றிலை பாக்கு மாற்றித்தான். நல்லபடியாக வளர்த்தார்களாம். இரண்டு வருடம் கழித்து அவர்களுக்கே ஒரு பிள்ளை பிறந்தது. வேலையும் போய், கஷ்டம் வந்ததும், பெரியவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இல்லத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். காகிதம் இல்லையே, அதனால் விட்டது சுலபமாக இருந்தது. அவர்களைத் திட்ட எனக்கு நாக்குத் துடித்தது. வெற்றிலை பாக்கு மாற்றிய எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்றும் எனக்குத் தெரியும். ஆனால் செய்ய நினைத்தால் தடுக்க ஒன்றுமில்லை.

ஒன்றரை வருடம் ஆனது. வீட்டைப் பார்த்தார்கள், சம்பளத்தைப் பார்த்தார்கள், எங்கள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். என் கோபத்தைப் பற்றியும் கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். ஏழு வயதில் அவள் எங்கள் பொறுப்பில் வந்தாள்.

வாசலில் இறங்கியதும் என்னை "அம்மா" என்றாள். எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது, கினிகத்தேனைக்காரியையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுவருகிற எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்கு அது ஒரு மரியாதைச் சொல், அவ்வளவுதான்.

அவளைப் போல ஒரு நல்ல பிள்ளை கிடையாது. கொடுத்ததைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், கேட்காமல் எதையும் தொடமாட்டாள். குடிக்கத் தண்ணீர் எடுப்பதற்கும் எந்தக் கப்பில் எடுக்கட்டும் என்று கேட்பாள். பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான். சொந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. விருந்துக்கு வந்த வீட்டில்தான் அப்படி இருக்கும்.

எல்லாம் கோர்ட்டு உத்தரவு வரும்வரைதான் என்று எண்ணினேன். உத்தரவு வந்தால் அவளுக்கே தைரியம் வந்துவிடும். அந்த நாளும் வந்தது. நீதிபதி சிங்களத்தில் அவளிடம் ஏதோ கேட்டார், மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் அவளே சிங்களத்தில் பதில் சொன்னாள். வெளியே வந்து படிக்கட்டில் அவளை நிறுத்திச் சொன்னேன்.

"இனிமே யாரும் ஒன்னையக் கொண்டுபோய் எங்கயும் விட முடியாது. நாங்களே நெனச்சாலும் முடியாது. தெரியுதா?"

"சரிங்கம்மா" என்றாள். வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தால் பிள்ளைகள் சொல்வார்களே, அந்தச் "சரி." எதிரே இருந்த கடையில் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தோம். வடையைச் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டாள். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். எனக்குத்தான் அன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அவள் மறுநாளும் எந்தக் கப்பு என்று கேட்டாள்.

அடுத்த தைப்பொங்கலுக்கு ராகலைக்குப் போனோம். கணவரின் அண்ணனுக்கு அங்கே கொஞ்சம் மரக்கறித் தோட்டம், லீக்ஸும் கரட்டும் போடுகிறார். அவருக்கு எங்கள் மகளைவிட ஒரு வயது மூத்த மகள் இருக்கிறாள், வாயாடி. பொங்கலன்று அந்தப் பெண் புதுச் சட்டையோடு கரட் பாத்தியில் விழுந்து எழுந்து வந்தாள். போதாக்குறைக்குப் பொங்கலில் முந்திரிப்பருப்பு குறைவு என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அவளுடைய அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"ஒரு மூட்டைத் தவிடு குடுத்து வாங்குனேன் ஒன்னைய. அந்தத் தவிட்ட மாட்டுக்குப் போட்டிருந்தா..."

அதற்குள் அவருக்கு என் உத்தரவு நினைவுக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி அவர் தொடையில் ஒரு அடி வைத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் மகளைத் திரும்பிப் பார்த்தோம், உடனே ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். அந்தப் பெரியம்மாவே ஒரு கை முறுக்கை அள்ளி அவள் தட்டில் போட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டு முறுக்கைச் சாப்பிட்டாள். நல்லவேளை, நிலைமை கைமீறவில்லை என்று மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவள் நடுவில். அக்காவை உண்மையாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்களா என்று கேட்டாள். இல்லை, அது சும்மா கேலி, எல்லாப் பிள்ளைகளையும் அப்படிச் சொல்வார்கள் என்றேன். அம்மாவையும் சொன்னார்களா என்று கேட்டாள். சொன்னார்கள் என்றேன். அப்பாவை? அவரையும்தான் என்றேன். கால் படி, பாதி உமி என்று கணவர் சேர்த்துச் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த வீட்டுலயும் என்னையச் சொல்லல. பாப்பா பொறந்ததும் பாப்பாவத்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் என்னையக் கொண்டாந்து விட்டுட்டாங்க."

குறையாகச் சொல்லவில்லை. கேக்குக்கும் பாயாசத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். நான்கு வயதில் பார்த்து, கணக்குப் போட்டு, விடை கண்டு வைத்திருக்கிறாள். தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லப்படுகிற பிள்ளை வீட்டில் இருக்கும். சொல்லப்படாத பிள்ளை போய்விடும். எங்கள் வீட்டிலும் இத்தனை நாளாக அந்தச் சொல் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது வராமல் நான் காவல் காத்திருக்கிறேன்.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வசதியாக இல்லை என்றாலும் அவள் அப்படியே சாய்ந்திருந்தாள். பஸ்ஸில் வைத்து எதைச் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொன்னது போலத்தான் இருக்கும் என்று பேசாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் திரும்ப எல்லோருக்கும் போன் எடுத்தேன். உத்தரவு ரத்து என்றேன். ராகலையில் கணவரின் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கு அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்கும்போது தனக்கே ஒரு மாதிரி இருந்தது என்றார்.

ஆனால் ரத்து செய்தால் மட்டும் போதாது. அந்தக் கேலியை நினைத்தபடி எல்லாம் சொல்ல முடியாது. பிள்ளை ஏதாவது அடாவடி செய்ய வேண்டும், நமக்கு எரிச்சல் வர வேண்டும், அப்போதுதான் அது தானாக வாயில் வரும். எங்கள் மகளோ ஒரு அடாவடியும் செய்யாதவள். கணவர் ஒருநாள் முயன்று பார்த்தார். அவள் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், தெரியுமா என்று கேட்டார். மின்தடை அறிவித்தல் வாசித்தது போல இருந்தது. அவள் எழுந்து நின்று மரியாதையாகச் சிரித்தாள். அவர் அசடு வழிய அடுப்படிக்கு வந்துவிட்டார்.

அப்புறம் நாங்கள் அதை விட்டுவிட்டோம். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அடுப்பு பற்ற மறுத்தது, என் குடை ஒரு பக்கம் உடைந்து கிடந்தது, முதல் பாடவேளைக்குள் போகாவிட்டால் பள்ளிக்கூட அதிபர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவசர அவசரமாக ரொட்டி சுட்டு, சம்பலோடு அவள் முன்னால் வைத்துவிட்டுச் சேலை மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

"தெனமும் ரொட்டியா? எனக்கு வேணாம்."

திரும்பிப் பார்த்தேன். தட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் நினைவில்லை, பாப்பாவும் நினைவில்லை, கோர்ட்டும் நினைவில்லை. சுட்ட ரொட்டி ஆறுகிறதே என்ற ஆத்திரம் மட்டும்தான்.

"தவிட்டுக்கு வாங்குனதுக்கு வாயப் பாரு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"எவ்வளவு தவிடு?"

"அரைப் படி" என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை.

"அக்காவுக்கு ஒரு மூட்ட குடுத்தாங்க. எனக்கு அரைப் படிதானா?"

"அதுவே அதிகம். ரொட்டியத் தின்னு."

அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை. முகம் சிவந்து, உதடு துடித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொட்டியைத் தொடவில்லை. பையை மாட்டிக்கொண்டு, என்னைக் கேட்காமல் ஆணியில் தொங்கிய அப்பாவின் நல்ல குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது முன் கதவை அடித்துச் சாத்தினாள். பலகைச் சுவர் அதிர்ந்து, மேலே இருந்த சாமி படம் ஒரு பக்கம் சாய்ந்தது.

குளியலறையிலிருந்து கணவர் சத்தம் கேட்டு, யார் கதவை அடித்தது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் திரும்பவும் கேட்டார்.

"நம்ம புள்ளதாங்க" என்றேன்.